பழைய கார் வாங்கும் முன்: அந்த இன்ஜினுக்கே உரிய கோளாறுகளைத் தேடிப் பார்ப்பது எப்படி

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பெயின்ட், டயர், சீட் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள். சீராக ஓடினால் சரி என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் எந்த இன்ஜினும் பொதுவாகக் கெட்டுப்போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் வடிவமைப்பிலேயே சில பலவீனமான இடங்கள் உண்டு. பெரும்பாலும் அங்கேதான் முதலில் அடி விழும். அந்த இடம் எது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால், சில சோதனைகளிலேயே உங்களுக்குத் தெரியவேண்டியது தெரிந்துவிடும். தெரியாமல் போனால் நாள் முழுக்கப் பார்த்தாலும் கண்ணில் படாது.

இன்ஜின் கோடு

ஒரே பெயரில் விற்ற காருக்குள் மூன்று நான்கு வகை இன்ஜின் இருக்கலாம். ஒன்று லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும், இன்னொன்று பாதி தூரத்தில் டைமிங் செயினை (வால்வுகளை பிஸ்டனின் ஓட்டத்தோடு ஒத்து இயக்கும் சங்கிலியை) நீட்டிவிடும். மறுபக்கம், ஒரே இன்ஜின் பல கம்பெனி பெயர்களில் ஓடும். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல், சுசுகியிலும் ஓப்பலிலும் டாடாவிலும் இருந்தது. பெஜோ-சிட்ரோயன் குழுமமும் ஃபோர்டும் சேர்ந்து உருவாக்கிய 1.6 டீசல், வால்வோ, மாஸ்டா, மினி வரை போயிருக்கிறது. அதனால் காரின் பெயரைப் போட்டுத் தேடினால் பாதி விவரம்தான் கிடைக்கும்; அந்த இன்ஜின் வகைக்குத் தயாரிப்பாளர் கொடுத்த குறியீட்டை, அதாவது இன்ஜின் கோடைப் போட்டுத் தேட வேண்டும்.

கோடு பெரும்பாலும் இன்ஜின் எண்ணின் முதல் சில எழுத்துகளாக இருக்கும். பதிவுச் சான்றிதழிலும் பிளாக்கில் பொறித்த இடத்திலும் கிடைக்கும். சில கம்பெனிகள் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். விற்பவரிடம் பிளாக்கில் உள்ள எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சான்றிதழில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் இன்ஜின் மாற்றப்பட்டிருக்கலாம். அதற்கான பில்லும் பதிவும் இல்லையென்றால் அந்த வண்டியை மறந்துவிடலாம். 17 எழுத்து-எண் கொண்ட சேசிஸ் எண்ணை வாங்கி, தயாரிப்பாளரின் ரீகால் பக்கத்தில் (கோளாறு உள்ள வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கும் அறிவிப்புகள் உள்ள இணையப் பக்கம்) போட்டுப் பாருங்கள். பாக்கி இருக்கும் ரீகால் வேலை அங்கே தெரியும்.

கோடு கையில் வந்ததும் தேட வேண்டியவை இவை: எந்தப் பாகம் கெடுகிறது, எந்த ஆண்டுத் தயாரிப்புகளில், ஏறக்குறைய எத்தனை கிலோமீட்டரில், கெடுவதற்கு முன் என்ன அறிகுறி, தயாரிப்பாளர் திருத்திய பாகம் வெளியிட்டாரா. கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். தெரிந்த கோளாறு உள்ள இன்ஜின் என்பதற்காக அந்தக் காரையே ஒதுக்க வேண்டியதில்லை. திருத்திய பாகம் போட்டு, பில்லில் அந்தப் பாக எண்ணும் இருந்தால், யாரும் கை வைக்காத வண்டியைவிட அது நல்ல வண்டி.

அடிக்கடி வரும் கோளாறுகளும் அவற்றின் காரணமும்

டைமிங் செயின். 'செயின் வாழ்நாள் முழுக்க வரும்' என்பதை நம்ப வேண்டாம். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் குறைந்தாலோ கெட்டியானாலோ பிடி தளரும். செயினின் பின்கள் தேய்ந்து அது நீளும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 வகை 1.8, 2.0 டர்போ பெட்ரோல் இன்ஜின்களின் பழைய தலைமுறையில் டென்ஷனரே பிடி விட்டுவிடும். செயின் பல் தாண்டி வால்வுகள் வளையும். பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதை மாற்ற கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்க வேண்டும். கூலி எகிறுவது அதனால்தான். அந்த இன்ஜினில் முன்பக்கம் காது வைத்துப் பயனில்லை. காருக்குள் உட்கார்ந்து, டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

ஆயிலுக்குள் ஓடும் பெல்ட். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பெஜோ-சிட்ரோயனின் 1.2 ப்யூர்டெக் இன்ஜின்களின் பழைய வகைகளில் டைமிங் பெல்ட் வெளியே உலர்ந்து ஓடாமல், உள்ளே ஆயிலில் நனைந்தபடி ஓடும். உராய்வு குறையும் என்பதற்காகச் செய்தது. சரியான தரத்தில் இல்லாத ஆயில் ஊற்றினாலோ, குறைந்த தூர ஓட்டத்தில் ஆயிலோடு பெட்ரோல் கலந்தாலோ ரப்பர் ஊறி உதிரத் தொடங்கும். உதிர்ந்த துகள், சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) உள்ள ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும். பெல்ட் அறுவதற்கு முன்பே ஆயில் அழுத்தம் விழுந்து இன்ஜின் போய்விடலாம். ப்யூர்டெக்கில் ஆயில் ஊற்றும் வாய் வழியே டார்ச் அடித்தால் பெல்ட் தெரியும். விளிம்பு பிசிறியிருக்கிறதா, மேற்பரப்பில் வெடிப்பு இருக்கிறதா, பெல்ட் உப்பி அகலமாகியிருக்கிறதா என்று பாருங்கள். அகலத்தை அளப்பதற்கென்றே சர்வீஸ் சென்டர்களில் ஒரு கருவி இருக்கிறது. இந்த வகை இன்ஜினில் எந்தத் தர ஆயில் ஊற்றினார்கள் என்பதற்கு பில் இல்லாவிட்டால், பெல்ட் மாற்றும் செலவோடு சம்ப்பைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்யும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஆயில் குடிக்கும் இன்ஜின். மேலே சொன்ன இஏ888, டொயோட்டாவின் 2ஏஇசட் 2.4 பெட்ரோல் இரண்டிலும் காரணம் பிஸ்டனின் ஆயில் ரிங் பகுதிதான். ரிங் சுரண்டிய ஆயில் திரும்பி இறங்க வேண்டிய துளைகள் சிறியவை. அவை கரி பிடித்து அடைத்துக்கொண்டால் ஆயில் மேலேறி எரியும். புகை வெளியே தெரியாமலேயே இது நடக்கலாம். சில தயாரிப்பாளர்கள் 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்பார்கள். வாங்குபவருக்கு அது இயல்பாக இருக்கத் தேவையில்லை. இரண்டு சர்வீஸுக்கு நடுவே எவ்வளவு ஆயில் ஊற்றுகிறீர்கள் என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். டிக்கியில் பாதி காலியான ஆயில் கேன் கிடந்தாலும் அது ஒரு பதில்தான்.

கனெக்டிங் ராட் பேரிங். பிஸ்டனின் தண்டு கிராங்க்ஷாஃப்டோடு சேரும் இடத்தில் இருப்பது. ஹூண்டாய், கியாவின் தீட்டா 2 வகை 2.0 டர்போ, 2.4 பெட்ரோல் இன்ஜின்கள் இதற்குப் பேர்போனவை. கிராங்க்ஷாஃப்ட் கடையும்போது தங்கிய உலோகத் துகள் ஆயில் பாதையை அடைத்து, பேரிங் தேய்ந்து, இன்ஜினே பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2015 முதல் பல சுற்றுகளாக ரீகால் நடந்தது. அந்த வண்டிகளில் ரீகால் வேலை முடிந்ததற்கான அத்தாட்சி இல்லாமல் விலை பேசவே கூடாது.

ஹெட் கேஸ்கெட். சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு இது. சுபாருவின் ஈஜே25 படுக்கை இன்ஜினில் (சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் இருப்பது) ஹெட் கேஸ்கெட் பெரும்பாலும் வெளிப்பக்கம், ஹெட்டும் பிளாக்கும் சேரும் கீழ் விளிம்பில் கசியும். மேலே நின்று பார்த்தால் தெரியாது. ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்ட் வைத்தபின் கீழிருந்து பார்க்க வேண்டும்.

முதலில் சொன்ன பெஜோ-ஃபோர்டு 1.6 டீசலின் கதை தனியாகச் சொல்லத் தக்கது, ஏனென்றால் அதை ரிப்பேர் செய்தவர்களே பலமுறை ஏமாறுவார்கள். இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செம்பு வாஷர் கசிந்தால் எரிந்த வாயு மேலே வந்து தார்போல இறுகும். அந்தக் கரி ஆயிலிலும் சேரும். டர்போவுக்கு ஆயில் போகும் குழாயில் ஒரு சின்ன வலை உண்டு. அதைக் கரி அடைத்ததும் டர்போ ஆயில் இல்லாமல் சாகும். வாஷரையும் குழாயையும் சம்ப்பையும் தொடாமல் டர்போவை மட்டும் மாற்றினால் புது டர்போவும் அதே வழியில் போகும். ஆகவே 'டர்போ புதுசு' என்று விற்பவர் சொன்னால் மகிழாதீர்கள். கூடவே என்னென்ன மாற்றினார்கள் என்று பில்லில் பாருங்கள். இன்ஜின் மேல் மூடியைக் கழற்றி, இன்ஜெக்டர்களைச் சுற்றிக் கறுப்புத் தார் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவுவதில்லை. அங்கே கரி சேரும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் உதறல், இழுவை குறைவு என்று வெளிப்படும். சுத்தம் செய்யக்கூடியதுதான், பயப்பட வேண்டாம்.

குளிர்ந்த இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும்

செயின் சத்தம், வால்வு சீல் புகை, பிஸ்டன் தட்டல், கரி உதறல் எல்லாம் முதல் ஒரு நிமிடத்தில் வெளியே வரும், சூடானதும் ஒளிந்துகொள்ளும். காலையில் முதல் ஸ்டார்ட்டே உங்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் வால்வு கவரைத் தொட்டுப் பாருங்கள். சந்தேகமிருந்தால் ஸ்கேனரைச் செருகி, சாவியை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் ஓரிரு டிகிரிக்குள் இருக்கும். கூலன்ட் 15 டிகிரி கூடுதலாகக் காட்டினால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் பார்க்க வேண்டியவை இவை.

டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள். குறைவாக இருந்தால் விற்பனைக்கு வைத்த வண்டிக்கே ஆயில் ஊற்றவில்லை என்று பொருள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், குறிப்பாக டீசலில், டீசலே ஆயிலில் கலந்திருக்கலாம். புகை வடிகட்டி அடைபட்டு, அதை எரித்துச் சுத்தம் செய்யும் முயற்சி பாதியிலேயே நின்றுபோகும் வண்டிகளில் இப்படி ஆகும். ஆயிலை விரலில் தேய்த்து வெயிலில் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் உலோகம், அங்கேயே நிறுத்திவிடலாம். டீசல் ஆயில் கறுப்பாக இருப்பது சாதாரணம்.

ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படிவு இருந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் என்று சொல்லிவிட முடியாது. குளிரான இடத்தில் சின்னச் சின்னத் தூரம் ஓடும் வண்டியில் நீராவி படிந்தும் அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் கவலை. மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சுத்தமான உலோக நிறத்தில் அல்லது லேசான தேன் நிறத்தில் இருந்தால் நல்லது. கறுப்புக் களிமண்போல ஒட்டியிருந்தால் ஆயில் மாற்றும் தேதிகளை யாரும் மதிக்கவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் என்ன முத்திரை இருந்தாலும் சரி.

கூலன்ட் டேங்கை இப்போதே திறந்து பாருங்கள். சூடானபின் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது, முகத்தில் பீய்ச்சும். துரு நிறமோ ஆயில் படலமோ இருக்கக் கூடாது. வெறும் தண்ணீர் இருந்தால், எங்கோ கசிந்து, குறையக் குறைய ஊற்றியிருக்கிறார்கள்.

இனி சாவியை ஆன் செய்யுங்கள். செக் இன்ஜின் விளக்கும் ஆயில் விளக்கும் எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் இன்ஜினுக்கு அருகில் நில்லுங்கள். ஆயில் விளக்கு ஓரிரு வினாடியில் அணைய வேண்டும். முதல் ஓரிரு வினாடி 'கரகர'வென்று வந்து நின்றால் செயின் டென்ஷனர். அதற்கு மேலும் நீடித்தால் செயினே நீண்டிருக்கலாம். சைலன்சரில் நீலப்புகை குபுக்கென்று வந்து நின்றால் வால்வு சீல். வெண்ணிற ஆவி ஐந்து நிமிடத்தில் மறைந்தால் வெறும் ஈரம். இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது.

ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவில்லை, அதற்குள் ஹோஸ் கல்லாக இறுகியிருக்கிறது என்றால் சிலிண்டர் வாயு கூலன்டுக்குள் போகிறது. இதைவிடச் செலவில்லாத ஹெட் கேஸ்கெட் சோதனை கிடையாது.

ஸ்கேனரில் என்ன பார்ப்பது

புளூடூத் ஸ்கேனரும் ஒரு மொபைல் ஆப்பும் போதும். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ஸ்கேனரைச் செருகும் சாக்கெட் கட்டாயம். கோளாறைக் குறிக்கும் கோடு (இது இன்ஜின் கோடு அல்ல) எதுவும் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் அதை அழிக்க ஒரு பட்டன் போதும். அழித்ததற்கான தடயத்தைத் தேடுங்கள். காரின் கம்ப்யூட்டர் தானே செய்யும் சோதனைகளைக் காட்டும் 'ரெடினஸ் மானிட்டர்' பகுதியில் பல சோதனைகள் முடியாமல் நின்றால் கோடு அண்மையில் அழிக்கப்பட்டது, அல்லது பேட்டரியைக் கழற்றினார்கள். பல வண்டிகளில் 'கோடு அழித்தபின் ஓடிய தூரம்' என்ற எண்ணும் கிடைக்கும். அது 20 கிலோமீட்டர் என்று காட்டினால் விற்பவரிடம் விளக்கம் கேளுங்கள். அவர் ஒரு வாரம் வண்டியை ஓட்டட்டும், அதன்பின் மறுபடி வருகிறேன் என்று சொல்லுங்கள். புதிய வண்டிகளில் 'பெர்மனென்ட்' கோடுகள் ஸ்கேனரால் அழியாது. அவற்றையும் தனியே படியுங்கள்.

பி0016 வந்தால் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை. செயின் நீண்டிருக்க வாய்ப்பு. பி0300 முதலானவை மிஸ்ஃபையர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது. பி0420 கேட்டலிடிக் கன்வெர்டர் பலவீனம். ஆயில் குடிக்கும் இன்ஜினில் இது வந்தால் எரிந்த ஆயில் கன்வெர்டரையும் கெடுத்திருக்கலாம், செலவு இரட்டிப்பாகும். பி0299 டர்போ அழுத்தம் குறைவு.

ஃப்யூயல் ட்ரிம் எண்களை விடாதீர்கள். எரிபொருளை கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அவை காட்டும். இன்ஜின் சூடானபின் குறுகிய கால ட்ரிம்மையும் நீண்ட கால ட்ரிம்மையும் கூட்டி ±5 சதவீதத்துக்குள் இருந்தால் ஆரோக்கியம். 10ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். ஐட்லிங்கில் +15, 2500 ஆர்பிஎம்மில் இயல்பு என்றால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது, சிறிய வேலை. ஐட்லிங்கில் இயல்பு, வேகத்தில் ஏறுகிறது என்றால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது காற்று அளவி.

ரோட்டில்

அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள், ரேடியோவை அணைத்துவிட்டு. மூன்றாவது கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழு ஆக்சிலேட்டர் ஒருமுறை கொடுங்கள். இழுவை சீராக ஏற வேண்டும். அப்போது பின்னால் நீலப்புகை வந்தால் ரிங். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, கீழே போனதும் மிதிக்கும்போது வந்தால் வால்வு சீல் அல்லது கைடு. கரும்புகை என்றால் காற்றுக்குப் பொருந்தாத அளவு எரிபொருள். டீசலில் இன்ஜெக்டர், இஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் அமைப்பு), டர்போ ஹோஸ் மூன்றையும் சந்தேகியுங்கள்.

ஆழமான 'டொக் டொக்' சத்தம் ஆர்பிஎம்மோடு வேகமெடுத்து, லோடு மாறும்போது தெளிவாகக் கேட்டால் ராட் பேரிங். மேலிருந்து வரும் மெல்லிய 'டிக் டிக்' பெரும்பாலும் லிஃப்டர் அல்லது இன்ஜெக்டர்.

திரும்பி வந்ததும் அணைக்காமல் ஏசி போட்டு 10 நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். வெப்பம் ஏறி, ஃபேன் ஓடி, இறங்க வேண்டும். ஆயில் மூடியைத் திருகித் திறந்து, தலைகீழாக வாயின் மேல் வையுங்கள். லேசாக அதிரலாம். துள்ளி விழுந்தால் ரிங் வழியாக வாயு கீழே இறங்குகிறது. மூடியைத் திறந்ததும் ஐட்லிங் தடுமாறுவது பல புதிய இன்ஜின்களில் இயல்பு. அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் ஒர்க்‌ஷாப்பில்

மேலே சொன்னதெல்லாம் தேறிய வண்டிக்கு மட்டும் இந்தச் செலவு செய்யுங்கள். மெக்கானிக் விற்பவருக்குத் தெரிந்தவராக இருக்கக் கூடாது.

கம்ப்ரஷன் சோதனைக்கு இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லா ஸ்பார்க் பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், பெட்ரோலும் இக்னிஷனும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு சுற்று சுழற்றுங்கள். பெட்ரோல் இன்ஜினில் சாதாரணமாக 10 பாருக்கு மேல் வரும். சரியான எண் அந்த இன்ஜினின் மேனுவலில் இருக்கும். அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் 5 மில்லி ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். கழற்றிய பிளக்குகளை வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறது.

லீக்டவுன் சோதனை இன்னும் நேர்மையானது. காற்றை உள்ளே அடைத்து எத்தனை சதவீதம் ஓடிப்போகிறது என்று பார்ப்பது. 10 சதவீதம் வரை நன்று, 20ஐத் தாண்டினால் கோளாறு. காற்று எங்கே வருகிறது என்று கேளுங்கள்: ஆயில் வாயில் வந்தால் ரிங், சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்டேக்கில் வந்தால் இன்டேக் வால்வு, கூலன்ட் டேங்கில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். கேஸ்கெட் சந்தேகம் மட்டும் இருந்தால் நீலத் திரவச் சோதனையே போதும். டேங்கிலிருந்து வரும் காற்றில் எரிந்த வாயு இருந்தால் திரவம் மஞ்சளாகும்.

ஆயிலில் பெல்ட் ஓடும் இன்ஜின் என்றால் கைமுறை கேஜ் பொருத்தி, சூடான நிலையில் ஆயில் அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். போர்ஷேயின் எம்96 போன்ற இன்ஜின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் உடைவது தெரிந்த விஷயம். ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்து உலோகத் துகள் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

வெளியே ஓடும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினுக்கு ஒரே கேள்வி: எப்போது மாற்றினார்கள், வாட்டர் பம்ப்போடு சேர்த்தா? கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ஆண்டுக் கணக்கும் உண்டு. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலையில் கழியுங்கள்.

பேரிங் சத்தம், ஆயிலில் உலோகம், கூலன்டில் எரிந்த வாயு, சமனற்ற கம்ப்ரஷன், இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். டென்ஷனர், வால்வு கவர் கசிவு, இன்ஜெக்டர் வாஷர், கரி, தெர்மோஸ்டாட் இவற்றை மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பிடச் சொல்லி, அந்தத் தொகையை வைத்து விலை பேசலாம்.

வாங்கியாயிற்று என்றால், பழைய பில்லில் என்ன எழுதியிருந்தாலும், மேனுவலில் சொன்ன தரத்தில் ஆயிலும் ஃபில்டரும் உடனே மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். 1000 கிலோமீட்டர் ஓடியபின் சமதளத்தில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் அளவைப் பார்த்து, ஆயில் மாற்றியபோது இருந்த அளவோடு ஒப்பிடுங்கள். இந்த இன்ஜின் எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்பது அப்போது தெரியும்.